போன் சூடாயிருந்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஊமைக்கோட்டானுக்கு இடுப்புப் பிடிப்பு, இரண்டு வாரம் விடுப்பு. எங்கள் ஆய்வுக்கூடத்தின் கருவிக்காரர். நாள் முழுக்கச் சேர்த்தால் ஆறு வார்த்தை பேசுவார், அதில் நாலு ‘ம்’. அவர் வரும்வரை போனைத் துடைத்து வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

வேலை இதுதான். தினம் ஒருவர் வெறும் வயிற்றோடு வருவார். டாக்டர் மேடம் அவர் காதோரம் ஒரு போனைக் கட்டிவிடுவார். நாற்பது நிமிடம். ஒரு நாள் அது நிஜமாகவே அலை வீசும், இன்னொரு நாள் சும்மா கிடக்கும். எந்த நாள் எது என்பது கணினிக்கு மட்டும் தெரியும். வருகிறவருக்கும் தெரியக்கூடாது, மேடத்துக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. பிறகு அடுத்த அறையில் மேசை நிறையச் சாப்பாடு. ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, வாழைப்பழம், பால், பிஸ்கட். அரை மணி நேரம் வேண்டியமட்டும் சாப்பிடலாம். முன்னும் பின்னும் நான் எடை போட்டு எழுதுவேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் தட்டை எடை போட்டவள். இங்கே எனக்குப் பெயரே தராசக்காதான்.

போன் அலை மூளையை உசுப்பிப் பசியைக் கிளப்புகிறதா என்பதுதான் மேடத்தின் கேள்வி. “இருக்கலாம்னுதான் சொல்றேன், இருக்குன்னு சொல்லல” என்று முதல் நாளே சொன்னார். எனக்கு அந்த ‘இருக்கலாம்’ போதும்.

ஊமைக்கோட்டான் அலமாரிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: ‘துடைக்கும்போது கையுறை கட்டாயம்’. பனிமலை ஏறுகிறவன் போடுவதுபோல் தடித்த கையுறை. அலைக்கு இவ்வளவு பயந்த மனிதன் இந்த வேலைக்கு ஏன் வந்தார்? நான் வெறுங்கையாலேயே துடைத்தேன். போன் நல்ல சூடாயிருந்தது.

அப்படியானால் இன்று நிஜ நாள். வந்திருந்தவர் தபால்காரர், ஒல்லி மனிதர். நாற்பது நிமிடம் தலைக்குள் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, பாவம். பால் கூஜாவை நிரப்ப உள்ளே போனேன். அதற்கு மட்டும் அனுமதி உண்டு, பேசக்கூடாது. “இன்னொரு முட்டை எடுத்துக்குங்க” என்றேன். எடுத்துக்கொண்டார். இதெல்லாம் ஒரு பேச்சா?

மார்ச் 4, புதன்

போன் ஜில்லென்று இருந்தது. வந்தவர் நீச்சல் கற்றுக்கொடுப்பவர். தானாகச் சாப்பிட்டார், தானாக எழுந்து போனார். நான் மறைப்புக்குப் பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

சூடு. கணக்கு வாத்தியார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். “வெண்ணெய் நிறையவே இருக்குங்க, தடவிக்குங்க” என்றேன். மூன்று ரொட்டி ஐந்தாயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். வந்த காலோடு என் மகளை மேலும் கீழும் பார்த்தார். பதினெட்டு வயதுப் பெண்ணை, அவள் காதுபடவே: “என்னடி இது, போன தடவை பார்த்ததுக்கு ரெண்டு சுத்துப் பெருத்திருக்க? உங்கம்மா ஊட்டி ஊட்டி வளர்த்தது.”

மகள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது.

“அண்ணி, சோறு போட்டது குத்தமா? இருபத்திநாலு மணி நேரமும் காதுல அந்தப் போனை ஒட்டி வெச்சிருக்கா. அதுல வர்ற அலை மூளைக்குள்ள போய்ப் பசியைத் தூண்டிவிடுது. எங்க ஆபீஸ்ல அதைத்தான் ஆராய்ச்சி பண்றோம்.”

“அட, அப்படியா?”

“எழுதி வெச்சுக்குங்க. முடிவு வந்ததும் பேப்பரோட வந்து காட்டுறேன்.”

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டினால் இவருக்கு அதுதான் வழக்கம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவில் நின்று பழகியவர்.

என் பெண்ணை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. என் கைச்சோற்றையும்.

மார்ச் 12, வியாழன்

சூடு. செருப்புக்கடைக்காரர். இரண்டு தடவை உள்ளே போனேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஊமைக்கோட்டான் திரும்பிவிட்டார், இடுப்பில் பட்டையோடு. கையுறையைத் தேடி எடுத்தார். “உங்க இடுப்புக்கு எதுக்குங்க குனியணும்? நானே துடைச்சிடுறேன்” என்றேன். “வேணாம்க்கா” என்றார். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் வாதாட அவருக்கு அன்றைய வார்த்தை தீர்ந்துவிட்டது.

ஏன் விடவில்லை? உபகாரந்தான். வேறென்ன?

மார்ச் 24, செவ்வாய்

சூடு. இன்று வந்தவள் இளம்பெண், தையல்காரி. என் மகள் சாயல். பக்கத்திலேயே நின்று பரிமாறினேன். “போதும்மா” என்றாள். “வளர்ற வயசு, சாப்பிடு” என்றேன். சாப்பிட்டாள்.

இரவு வீட்டிலும் அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வந்துவிட்டது. முதல் சுற்று இருபத்துமூன்று நாள், இருபத்துமூன்று பேர். போன் ஓடிய நாளில் வந்தவர்கள், ஓடாத நாளில் வந்தவர்களைவிடச் சராசரியாக இருநூறு கலோரி அதிகம் சாப்பிட்டிருக்கிறார்கள். மேடம் படத்தைத் திரையில் போட்டார். ஒரு கோடு மேலே, ஒரு கோடு கீழே. நடுவில் நல்ல இடைவெளி.

மேடத்தின் கண் கலங்கியிருந்தது. நாலு வருஷ உழைப்பு. அடுத்த வாரம் மாநாட்டில் வாசிக்கப் போகிறார். “உங்க எடை ஒண்ணுகூடப் பிசகலை தராசக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே நாத்தனாருக்குப் போன் போட்டேன். ஆமாம், போனில்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும். “சொன்னேன் இல்ல அண்ணி? இருநூறு.” என் ஆயுளில் அவர் வாயை நான் அடைத்தது இன்றுதான்.

ஏப்ரல் 4, சனி

மகளின் போனை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கல்லூரிக்குப் போகும்போது மட்டும் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். “ஆராய்ச்சியில வந்திருக்கு” என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசாமல் இருப்பதில் அப்படியே அப்பா.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாள். போன் இல்லாமல் எவ்வளவு சாப்பிடுகிறாள், பார்ப்போம் என்று நின்றேன். குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. வைத்தேன், சாப்பிட்டாள். இன்னும் வைத்தேன். அதையும் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை கரண்டியோடு போனபோது தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டாள்.

“அம்மா, என் மூளைக்குள்ள அலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ நிக்கிற. அதான் சாப்பிடுறேன்.”

“நான் நின்னா என்னடி?”

“தட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிற. வேணாம்னு சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அப்புறம் ரெண்டு நாள் ‘நான் செஞ்சது பிடிக்கலையா’ன்னு கேட்ப. அதுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டுடுறது சுலபம். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நான் எப்படி இருக்கேன்னு எனக்குப் பிரச்சினை இல்ல. அத்தை என்ன வேணா சொல்லட்டும். ஆனா நீ போய் போன்மேல பழி போடுற பாரு, அதான் தாங்கல.”

எழுந்து போய்விட்டாள். இவர் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அவளைக் கண்டித்திருக்கலாம். இல்லை. என்னைப் பார்த்தார். ‘அவ சொல்றது சரிதானே’ என்று பார்த்தார்.

நான் என்ன கழுத்தைப் பிடித்தா ஊட்டினேன்? பெத்தவ சோறு போடாம வேற யாரு போடுவா? இன்னொண்ணு எடுத்துக்கன்னு சொன்னா அது பாவமா?

இன்னொண்ணு எடுத்துக்குங்க.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் வீட்டில் மட்டுமா சொன்னேன்?

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் முதல் காரியமாக மகளிடம் போனைக் கொடுத்தேன். “தப்பு என்னோடது” என்றேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். வேறென்ன எதிர்பார்த்தேன், மாலையா?

ஆய்வுக்கூடத்தில் ஊமைக்கோட்டானைத் தனியாகப் பிடித்தேன்.

“அந்தக் கையுறை எதுக்கு? அலைக்குப் பயமா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

“ஓடின போன் சூடாயிருக்கும். ஓடாதது ஆறியிருக்கும். தொட்டா தெரிஞ்சிடும். தெரியக்கூடாதுன்னுதான்.”

ஒரு மாதத்து வார்த்தையை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“எழுதி ஒட்டியிருந்தேனேக்கா.”

ஒட்டித்தான் இருந்தார். படிக்கவும் படித்தேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்தேன்.

மாலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். நல்லவேளை எழுதினேன், கெட்டவேளை எழுதினேன். சில நாள் ஒரே ஒரு சொல்தான், ஆனாலும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். சூடு என்று எழுதியவை பதினொன்று. அதில் பத்து நாள் உள்ளே போய் வாய் திறந்திருக்கிறேன். ஜில் என்று எழுதியவை பன்னிரண்டு. ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. ஒரு நாள்கூட.

எடை சரி. ஒவ்வொரு கிராமும் சரி. அவர்கள் அவ்வளவும் சாப்பிட்டார்கள்தான். நான் நின்றேன், அதனால் சாப்பிட்டார்கள்.

தெரியாமல் செய்தேனா? போன் சூடு என்று கைக்குத் தெரிந்தது. நிஜ நாளில் அதிகம் சாப்பிட வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டது. நாத்தனாரிடம் காட்ட வேண்டும். இதற்கு என்ன பெயர் வைப்பது? யாரும் என்னைக் கேட்காதவரை உபகாரம் என்று வைத்திருந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். மாநாட்டுக்கு மூன்று நாள் இருந்தது.

“மேடம், அந்த இருநூறு கலோரி போனோடது இல்ல. என்னோடது.”

முழுக்கக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

“முழுசுமா உங்களோடது?”

“தெரியாது. அதான் பிரச்சினையே. எவ்வளவு போனோடது, எவ்வளவு என்னோடதுன்னு இனிமே யாராலயும் பிரிக்க முடியாது.”

“ரெண்டு வார்த்தை சொன்னதுக்கு யாரும் இருநூறு கலோரி சாப்பிட மாட்டாங்க.”

“எங்க வீட்டுக்கு வந்து பாருங்க.”

சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாலு வருஷம்” என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம். நான் யோசிக்கிறேன். நீங்க போங்க” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நிலையில் நானிருந்தாலும் ஜன்னலைத்தான் பார்த்திருப்பேன்.

ஏப்ரல் 8, புதன்

யோசித்துவிட்டார். ‘சிறு கவனக்குறைவு, முடிவைப் பாதிக்காது.’ அறிக்கை அப்படியே போகிறதாம்.

ஏப்ரல் 9, வியாழன்

அப்படியே போகாது.

எடைப் பதிவேடு என் பொறுப்பு. பக்கத்துக்கு எண் அச்சடித்தது. ஒரு தாள் கிழித்தாலும் தெரிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகக் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. பால் சிந்தியது, பழம் அழுகியிருந்தது என்று எழுதுவதற்கு. இந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீல மையில், பத்துப் பக்கத்திலும் எழுதினேன். ‘இன்று போன் சூடாயிருந்ததை வெறுங்கையால் தொட்டு அறிந்தேன். உள்ளே சென்று இன்னும் சாப்பிடச் சொன்னேன்.’ ஒவ்வொன்றுக்கும் கீழே இன்றைய தேதி, கையெழுத்து.

தையல்காரிப் பெண்ணின் பக்கத்தில் மட்டும் ஒரு வரி கூட: ‘போதும் என்றாள். நான் கேட்கவில்லை.’

ஊமைக்கோட்டான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க வருகிறாரோ என்று முறைத்தேன். வந்தார். பேனாவை வாங்கினார். மார்ச் 17ஆம் பக்கத்தில் எழுதினார்: ‘கையுறையின் காரணத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.’ கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரை இத்தனை நாள் கேலி பேசியதற்கு என் நாக்கை நறுக்க வேண்டும்.

பதிவேட்டைக் கொண்டுபோய் மேடத்தின் மேசை நடுவில், திறந்தபடி வைத்துவிட்டு வந்தேன். எழுதினதை அழிக்கணும்னா அவங்க கையால அழிக்கட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

என்னை ஆஸ்பத்திரித் துணிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். படுக்கைவிரிப்பு, தலையணை உறை. எடை போட ஒன்றுமில்லை.

இவர் சொன்னார்: “வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காததுதாங்க வினையே. அதைச் சொல்லத்தான் இப்ப வாயைத் திறந்தேன்.”

“அதுவும் சரிதான்” என்றார். திருமணமாகி இருபது வருஷத்தில் இவர் ஒரு பக்கம் சேர்ந்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தபால்காரர், வாத்தியார், செருப்புக்கடைக்காரர், தையல்காரி. கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அவங்களையுமா?” என்றாள்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் எனக்கும் கண்ணில் தண்ணீர், ஆனால் அது சிரிப்பால் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் வந்து, என் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். “அப்ப நான் சொன்னதுதான் சரி, நீதான் ஊட்டி வளர்த்த” என்றார். “ஆமா அண்ணி, நான்தான். அதுக்கு என்னைப் பேசுங்க. அவ உடம்பைப் பத்தி அவ காதுபட இனிமே ஒரு பேச்சு வந்தா எங்க வீட்டுல உங்களுக்குத் தண்ணிகூடக் கிடையாது” என்றேன். தோற்றுப்போன நாளிலும் சண்டையை நான்தான் முடித்தேன்.

மே 4, திங்கள்

கிடங்கில் தலையணை உறைகளுக்கு நடுவில் மேடம் வந்து நின்றார். மூன்றரை வாரத்துக்குப் பிறகு.

மாநாட்டுக்குப் போனாராம். மேடையேறும்வரை வாசிக்கத்தான் நினைத்திருந்தாராம். “பதிவேட்டைக் கையில எடுத்துட்டுப் போயிருந்தேன். அதை வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தா வாசிச்சிருப்பேன்” என்றார். முதல் சுற்று கெட்டுவிட்டது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாராம்.

நான் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

“ரெண்டாவது சுற்று ஆரம்பிக்கணும். ஓட்டை எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நீங்க வரணும்.”

“தப்பு பண்ணினவளையே காவலுக்குப் போடுறீங்க?”

“பூட்டு உடைச்சவங்களைத்தானே பூட்டு எப்படின்னு கேக்கணும்” என்றார். இந்த அம்மாவுக்கும் பேச வருகிறது.

சொன்னேன். ஓடாத போனுக்குள்ளும் சின்னதாய் ஒரு சூட்டுக் கம்பி வையுங்கள். சாப்பாட்டு அறைக்குக் கதவே வேண்டாம், சுவரில் ஒரு திறப்பு போதும், தட்டு உள்ளே போகட்டும், வெளியே வரட்டும். பரிமாறுகிறவள் முகம் தெரியக்கூடாது, குரல் கேட்கக்கூடாது. முக்கியமாக என் குரல்.

ஜூலை 21, செவ்வாய்

இரண்டாவது சுற்று முடிந்தது. திரையில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு போகின்றன.

“வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்” என்றார் மேடம். “தற்செயலா இருக்கலாம். நிஜமா இருக்கலாம். இத்தனை பேரை வெச்சுச் சொல்ல முடியாது. மூளையில என்ன நடக்குதுங்கறது அதைவிடப் பெரிய கேள்வி. இன்னும் நிறைய பேரை வெச்சுப் பார்க்கணும்.”

போன் குற்றவாளியும் இல்லை, விடுதலையும் இல்லை. அன்றைக்கு ‘இருக்கலாம்’ என்றதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு அதே சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். பரவாயில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் செத்துப்போவதில்லை.

கட்டுரையில் முதல் சுற்று ஏன் கெட்டது என்று ஒரு பத்தி வருகிறது. “உங்க பேரைப் போட வேணாம். ‘ஊழியர் ஒருவர்’னு எழுதிடலாம்” என்றார்.

“போடுங்க” என்றேன். “முழுப்பேரு. எங்கப்பா பேரோட.”

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நாத்தனார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கரண்டிகளை நடுவில் வைத்துவிட்டேன், அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

மகள் கொஞ்சமாக எடுத்துக்கொண்டாள். முடித்ததும் “போதும்” என்று எழுந்தாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “என்னடி, கோழி கொறிக்கிற மாதிரி? இன்னும் கொஞ்சம் வை அவளுக்கு” என்று கரண்டியை என் பக்கம் தள்ளினார்.

“அவ போதும்னு சொல்லிட்டா அண்ணி” என்றேன்.

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.